மருந்து செய்யக் கற்போம்; மறைத்து வைப்பதை விடுவோம்!

(வில்லியனூரில் இளைஞர்க்கு ஆற்றிய உரை)



வில்லியனூரையும் பாகூரையும் நாம் இன்றும் 'கொம்யூன்' என்றே அழைக்கின்றோம். 1954-இல் பிரெஞ்சியர் ஆட்சியைக் கைவிட்டுச் சென்றனர்; அவர் சொல் மட்டும் செல்லவில்லை. சொல்லை இழந்தவன் பொருளையும் இழப்பான் என்பதற்கு மருந்தே சான்று. குடிநீர் 'கசாயம்' ஆயிற்று. இளகம் 'இலேகியம்' ஆயிற்று. நீறு 'பசுபம்' ஆயிற்று. பெயர் போன வழியே செய்முறையும் போயிற்று. இன்று சுக்குப் பொடியையுங்கூட அட்டைப்பெட்டியில் விலைக்கு வாங்குகின்றோம்.

பாகூர்ச் செப்பேட்டை அறிவீர்கள். ஒன்பதாம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்மப் பல்லவன் காலத்தில், அவ்வூரிலிருந்த வடமொழிக் கல்விநிலையத்திற்கு மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பெற்றன. ஊர் மருத்துவர் கலையோ பெரும்பாலும் வீட்டு ஓலையிலும் வாய்மொழியிலுமே உயிர் பிழைத்தது. ஆயினும் முழுப்பழியையும் பிறர்மேல் சுமத்துதல் அறமன்று. மருந்துப் பெயர்களைக் குழூஉக்குறிகளால் மூடியவர் நாம். மகனுக்கும் சொல்லாமல் இறந்த தந்தையர் எத்துணையர்! மறைவே நம் மருத்துவத்தின் முதற்பகை.

மறையாது உழைத்தவர் எப்படி உயர்ந்தார் என்று பாருங்கள். தென்காசியை அடுத்த சாம்பவர்வடகரையில் 1859-இல் பிறந்த ஆபிரகாம் பண்டிதர் தஞ்சையில் பள்ளியாசிரியராக இருந்தவர். அப்பணியை விட்டு மருத்துவத்திற்கே வந்தார். தோட்டம் அமைத்து மூலிகை வளர்த்தார். மருந்துகளைத் தாமே செய்து விற்றார். இசைத்தமிழ் ஆராய்ச்சிக்கும், இசை மாநாடுகளுக்கும், 1917-இல் வெளிவந்த அவருடைய பெருநூலுக்கும் அவ்வருவாயே உரமாயிற்று. மருந்துரல் தமிழுக்குச் சோறிட்டது!

இனிச் செய்முறைக்கு வருவோம். எளியதில் தொடங்குங்கள். திரிகடுகம் என்பது சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் ஒத்த எடை. சுக்கின் மேல்தோலைச் சீவ வேண்டும். மிளகைப் புளித்த மோரில் ஊறவைத்து உலர்த்த வேண்டும். இளவறுப்பாய் வறுத்து, தனித்தனியே இடித்து, துணியில் சலித்து, அதன்பின் நிறுத்துக் கலக்க வேண்டும். சலிக்குமுன் நிறுத்தால் கப்பியாய்க் கழியும் பங்கு ஒவ்வொன்றிற்கும் வேறாகி, அளவு பிறழும். பாலில் பிசறிப் பிட்டுப்போல் அவித்து, மீண்டும் உலர்த்திப் பொடித்தலும் நூல்வழக்கே. இப்பொடிக்கு முன்னோர் விதித்த வாழ்நாள் மூன்று திங்கள். குடிநீருக்கோ மூன்றே மணிநேரம்! 2012-இல் டெங்கிக் காய்ச்சல் பரவியபோது தமிழக அரசு வழங்கிய நிலவேம்புக் குடிநீர் ஒன்பது சரக்குகளின் கூட்டு. அதைக் காலையில் காய்ச்சி மாலையில் குடித்தல் நூல்நெறியன்று.

சரக்கறிதல் அடுத்த பாடம். 'சாரிபா' என்னும் வடமொழிப் பெயரில் நன்னாரியும் வருகின்றது. வேறு கொடிகளும் வருகின்றன. மணம் ஒத்திருப்பதால் மாகாளிக் கிழங்கையும் நன்னாரி என்று விற்பாருளர். தமிழ்ப்பெயர் ஒன்றே காக்கும் என்றும் இறுமாந்திராதீர். நிலவேம்பையே சிறியாநங்கை என்பாரும் உளர், அப்பெயரால் வேறொரு செடியைக் குறிப்பாரும் உளர். எனவே இலையையும் வேரையும் பூவையும் கண்ணால் கண்டு, கையால் தொட்டு அறியுங்கள். பாகூர் ஏரிக்கரையே உங்கள் பள்ளி.

ஒன்றைக் கடுமையாகச் சொல்கின்றேன். இதள் என்னும் பாதரசத்தையும் காரீயத்தையும் நஞ்சுச் சரக்குகளையும் தொடாதீர்கள். நீறும் செந்தூரமும் தேர்ந்த ஆசானிடம் பல்லாண்டு பயின்றவர்க்கே உரியவை. அரைகுறையாய்ச் செய்த நீறு சிறுநீரகத்தைக் கெடுக்கும்; உயிரையும் வாங்கும். பழமைப் பற்று ஒருவன் உடலைக் கெடுக்குமாயின் அது பற்றன்று, பழி.

சட்டத்தையும் அறிந்திருங்கள். 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டம், சித்த மருத்துவர் தம் நோயாளர்க்கென மருந்து செய்துகொள்வதை உரிமத்திலிருந்து விலக்குகின்றது. ஆனால் விற்பனைக்குச் செய்வோர்க்கு உரிமம் கட்டாயம். 2000-இல் வகுக்கப்பெற்ற இடத்தூய்மை, செய்முறை நெறிகளும் கட்டாயம். வீட்டுக்குச் செய்து பழகுதல் வேறு. ஊருக்கு விற்றல் வேறு.

தனியொருவனால் உரிமமும் களமும் பெறுதல் அரிது எனில் கூடுங்கள். 1944-இல் சென்னையில் மருத்துவர்கள் ஒன்றுசேர்ந்து மருந்துசெய் கூட்டுறவு ஒன்றை நிறுவினர். அஃது இன்றும் நிலைத்துள்ளது. நம் ஊர்களில் பட்டம் பெற்ற சித்த மருத்துவரை முன்னிறுத்தி, உழவர் மூலிகை பயிரிட, தாய்மார் உலர்த்திப் பொடிக்க, இளைஞர் கணக்கெழுத, ஒரு கூட்டுறவு ஏன் எழலாகாது?

இன்றே ஒரு சுவடி வாங்குங்கள். எச்சரக்கு, எங்குப் பறித்தது, எவ்வளவு, எந்நாள் என்று தூயதமிழில் எழுதுங்கள். பிழைத்ததையும் எழுதுங்கள். அச்சுவடியைப் பூட்டி வைக்காமல் அடுத்த தெருப்பிள்ளைக்குக் கொடுங்கள். நம் முன்னோர் செய்யத் தவறியது அஃதொன்றே. நாம் செய்ய வேண்டியதும் அதுவே.

வாழ்க தமிழ்! வளர்க தமிழ் மருத்துவம்!