பணம் இருக்கிறது, படிவம்தான் போகவில்லை

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்காக ஆற்றிய உரை. கேட்க வர முடியாதவர்கள் விரும்பியதால் இங்கே தரப்படுகிறது.)



தண்ணீர் லாரி, லிஃப்ட் பராமரிப்பு, பார்க்கிங் என்று பேச வேண்டியவை நிறைய இருக்கும்போது எனக்கு அரை மணி நேரம் ஒதுக்கிய செயலாளருக்கு நன்றி. நான் ஓர் அரசு உதவி பெறும் கல்லூரியின் அலுவலகத்தில் 26 ஆண்டுகள் வேலை பார்த்தவன். அதில் பெரும்பகுதி உதவித்தொகைப் பிரிவில். அந்த மேஜையில் நான் கற்றுக்கொண்டதைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். அவன் அப்பாவுக்கு நூற்பாலையில் வேலை. நல்ல பையன், வகுப்பில் பேசவே மாட்டான். முதலாண்டில் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தான். எல்லாத் தாளும் சரி. எனக்கு வந்த பட்டியலில் அவன் பெயருக்கு நேரே பணம் அனுப்பப்பட்டது என்றே இருந்தது. நானும் டிக் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டேன். இரண்டாம் ஆண்டு நடுவில் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்து நின்றான். "பணம் வரலை சார், அப்பாவோட மில்லுக்கே போறேன்" என்றான். வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

பணம் வந்திருந்தது. அவன் எங்களிடம் கொடுத்த கணக்குக்கு அல்ல. பள்ளியில் படித்தபோது வேறொரு வங்கியில் திறந்த பழைய கணக்குக்கு. அவன் ஆதார் அந்தக் கணக்கோடுதான் சேர்ந்திருந்தது. பாஸ்புக் எங்கே என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. மாதங்கள் கழித்து வேறு வேலையாக அந்த வங்கிக்குப் போனபோதுதான் தெரிந்ததாம். அதற்குள் அவன் மில்லில் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தான். "வந்ததா தம்பி?" என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அந்தக் குறைக்காகத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உங்களில் பலர் நினைப்பது எனக்குத் தெரியும். "உதவித்தொகையெல்லாம் ரொம்பக் கஷ்டப்படுறவங்களுக்கு, அபார்ட்மென்ட்ல இருக்கிற நமக்கு எங்கே கிடைக்கும்?" இது பாதிதான் உண்மை. சில திட்டங்களுக்கு வருமான வரம்பே இல்லை. சிலவற்றுக்கு வரம்பு எட்டு லட்சம் வரை போகிறது. எது யாருக்கு என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு. புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. இதன் முழுப்பெயரில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயர் இருக்கிறது. பெரியவர்களுக்கு நினைவிருக்கும், 1989-இல் அதே பெயரில் வந்தது திருமண உதவித் திட்டம். கல்யாணத்துக்குக் கொடுத்த பணத்தைக் கல்லூரிப் படிப்புக்குக் கொடுப்போம் என்று மாற்றினார்கள். நல்ல மாற்றம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு, கல்லூரிப் படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய். பின்னர் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களையும் சேர்த்தார்கள். பையன்களுக்கு இதே போன்ற தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று தொடங்கியது.

இதில் மூன்று விஷயங்களை நினைவில் வையுங்கள். பட்டப்படிப்புக்கு மட்டுமல்ல, பாலிடெக்னிக் டிப்ளமோவுக்கும் ஐடிஐக்கும் உண்டு. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதுவும் கிடைக்கும். குடும்ப வருமானத்தைக் கேட்பதில்லை. தொலைதூரக் கல்விக்கு மட்டும் கிடையாது.

அதே பிள்ளை பொறியியல், வேளாண்மை, சட்டம், மருத்துவம் போன்ற படிப்புக்குப் போனால் 7.5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. 2020-இல் மருத்துவத்துக்கு வந்தது. 2021-இல் மற்ற தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது.

இங்கே பெற்றோர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பத்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையை, "பிளஸ் ஒன்னுக்காவது நல்ல இடத்துல போடுவோம்" என்று கடன் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்க்கிறோம். அந்த இரண்டு வருடத்தால் மேலே சொன்ன எல்லாமே போய்விடும். மாற்றாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அது உங்கள் முடிவு. ஆனால் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று கணக்குப் போட்டுவிட்டு மாற்றுங்கள்.

இரண்டாவது, முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை. வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால், கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. இதற்கும் வருமான வரம்பு இல்லை. வியாபாரத்தில் நன்றாக இருந்தாலும், அப்பா அம்மா பட்டம் படிக்காதவர்கள் என்றால் கேட்கலாம். சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்க வேண்டும். ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான். அக்காவுக்கு வாங்கிவிட்டுத் தம்பிக்கும் கேட்க முடியாது.

மூன்றாவது, சமூகப் பிரிவு வாரியான உதவித்தொகை. ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறிஸ்தவ ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் எல்லோருக்கும் தனித்தனித் திட்டங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு ஆண்டு வருமான வரம்பு இரண்டரை லட்சம். விண்ணப்பம் கல்லூரி மூலமாகப் போகும். சேர்ந்த முதல் வாரமே அலுவலகத்தில் உதவித்தொகைப் பிரிவு எது என்று பிள்ளை கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள், நம் பிள்ளைகள் பார்க்க மாட்டார்கள்.

நான்காவது, மத்திய அரசின் தேசிய உதவித்தொகைத் தளம். அதில் கல்லூரி மாணவர்களுக்கான ஒரு திட்டத்தில் பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் தருகிறார்கள். குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பிளஸ் டூவில் 80 பெர்சன்டைலுக்கு மேல் வேண்டும் என்பார்கள். இதை 80 சதவீத மதிப்பெண் என்று நினைத்துக் குழம்பாதீர்கள். தேர்வு எழுதியவர்களில் முதல் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் பொருள். அடுத்தடுத்த ஆண்டுகளில் புதுப்பிக்க 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகைப்பதிவும் தேவை.

பொறியியலிலோ பாலிடெக்னிக்கிலோ முதலாண்டு சேரும் பெண் பிள்ளைகளுக்கு ஏஐசிடிஇ வழங்கும் பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய். வருமான வரம்பு எட்டு லட்சம். இந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பலர் இதற்குள் வருவீர்கள். மாற்றுத்திறனாளி பிள்ளைகளுக்கு சக்ஷம் என்று இதே போல ஒன்று இருக்கிறது.

ஆனால் மத்தியத் திட்டங்களில், வேறு உதவித்தொகை வாங்கினால் இது கிடையாது என்ற நிபந்தனை உண்டு. எது அதிகம், எது எத்தனை வருடம் என்று பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரண்டையும் வாங்கிவிட்டு, பிறகு திருப்பிக் கட்டச் சொன்னால் சிரமம்.

ஐந்தாவது, பெற்றோரின் வேலையை வைத்துக் கிடைப்பவை. நம் பக்கத்தில் இது முக்கியம். இராஜபாளையம் நூற்பாலைகளில் வேலை பார்ப்போர் சம்பளத்தில் தொழிலாளர் நல நிதிக்கு ஆண்டுதோறும் ஒரு சிறு தொகை பிடிப்பார்கள். அந்த வாரியம் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை தருகிறது. கட்டடத் தொழிலாளர்கள், சிவகாசிப் பக்கம் பட்டாசு, தீப்பெட்டி வேலைக்குப் போகிறவர்கள், வீட்டு வேலை செய்பவர்கள், தையல்காரர்கள் எல்லோருக்கும் நல வாரியங்கள் இருக்கின்றன. பதிவு செய்து, உறுப்பினர் அட்டையைப் புதுப்பித்து வைத்திருக்க வேண்டும். முன்னாள் படைவீரர் பிள்ளைகள் தொழிற்படிப்பு படித்தால் பிரதமரின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்.

ஆறாவது, தனியார் அறக்கட்டளைகள். அகரம் அறக்கட்டளையை எல்லோருக்கும் தெரியும், 2010 முதல் விதைத் திட்டம் வழியாக அரசுப் பள்ளி மாணவர்களைப் படிக்க வைக்கிறார்கள். ரிலையன்ஸ் அறக்கட்டளையின் பட்டப்படிப்பு உதவித்தொகை வருமானம் 15 லட்சத்துக்குக் குறைவான குடும்பங்களுக்கு. பிளஸ் டூவில் 60 சதவீதம் வேண்டும், ஒரு தேர்வும் எழுத வேண்டும். இவற்றுக்கெல்லாம் பிள்ளையே தன்னைப் பற்றி நாலு வரி எழுத வேண்டியிருக்கும். நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். பெரியவர் எழுதினால் படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் பணம் போதாவிட்டால்தான் கல்விக் கடன். நான்கு லட்சம் வரை நம் கைப்பணம் போட வேண்டியதில்லை, பிணையமும் கேட்கக் கூடாது. முதலில் உதவித்தொகை, பிறகு கடன். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்காரர்கள் இங்கே இருக்கிறீர்கள். அங்கே இரண்டாண்டு கம்யூனிட்டி காலேஜ் படிப்புக்கு, பெல் கிராண்ட் என்ற அரசு மானியம் இருக்கிறது. அதைக் கேட்க ஒரு பொதுப் படிவம் நிரப்ப வேண்டும். தகுதி இருந்தும் அந்தப் படிவத்தை நிரப்பாமல் விடுகிறவர்கள் அங்கேயும் ஏராளம். ஆக இது நம் ஊர்ப் பிள்ளைகளின் சோம்பேறித்தனம் இல்லை. எந்த ஊரிலும் படிவத்தைக் கண்டால் ஒரு பயம். பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்தால் அந்தப் பயம் போய்விடும்.

இனி, ரிசல்ட் வருவதற்கு முன்பே செய்ய வேண்டிய நான்கு வேலைகள்.

ஒன்று, பெயர். ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயரும் இனிஷியலும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றிரவே எடுத்துப் பாருங்கள். இனிஷியல் ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால் இருந்தாலே விண்ணப்பம் நிற்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

இரண்டு, சான்றிதழ்கள். சாதிச் சான்று ஒருமுறை வாங்கினால் போதும். வருமானச் சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும். போன வருடத்தது இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். ஜூன் மாதம் எல்லோரும் ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பார்கள், விஏஓவிலிருந்து தாலுகா அலுவலகம் வரை நகர நாளாகும். ஏப்ரலிலேயே போட்டுவிடுங்கள்.

மூன்று, வங்கிக் கணக்கு. வங்கியில் ஆதார் நகல் கொடுத்துவிட்டோம் என்பது வேறு, அரசுப் பணம் வரும் கணக்காக ஆதாருடன் இணைப்பது வேறு. வங்கியில் போய், "நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு இந்தக் கணக்கைத்தான் ஆதாரோடு இணைக்க வேண்டும்" என்று சொல்லி எழுதிக் கொடுங்கள். எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்திலேயே பார்க்கலாம். அந்த மில் பையனுக்கு இதை யாராவது செய்து கொடுத்திருந்தால் அவன் பட்டம் வாங்கியிருப்பான்.

நான்கு, ஏமாற்று. "உதவித்தொகை வந்திருக்கு, ஓடிபி சொல்லுங்க, இந்த கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க" என்று போன் வரும். பிள்ளையின் பெயர், பள்ளி எல்லாம் சரியாகச் சொல்வார்கள். எந்த அலுவலகமும் ஓடிபி கேட்காது. பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

கடைசியாக ஒன்று. நம் குடியிருப்பின் பிள்ளைகள் என்றால் ஃபிளாட்டில் இருப்பவர்கள் மட்டுமல்ல. கேட்டில் உட்கார்ந்திருக்கும் அண்ணன், படி கூட்டும் அக்கா, நம் வீடுகளில் பாத்திரம் துலக்க வருகிறவர்கள், இவர்கள் வீடுகளிலும் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்று நான் சொன்னவற்றில் பெரும்பகுதி அவர்களுக்குத்தான் அப்படியே பொருந்தும். அவர்களிடம் லேப்டாப் இல்லை, பிரிண்டர் இல்லை, வங்கியில் அழுத்திக் கேட்கும் தைரியம் இல்லை. நம்மிடம் மூன்றும் இருக்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். மே மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை இந்தக் கூடத்தைத் திறந்து வைக்கச் சங்கம் சம்மதித்திருக்கிறது. நான் நான்கு வாரமும் இருப்பேன். லேப்டாப்போடு வர இரண்டு இளைஞர்கள் வேண்டும். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் யாராவது ஒருவர் வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஒரு நோட்டுப் போட்டு, யார் எதற்கு விண்ணப்பித்தார்கள் என்று எழுதி வைப்போம். தீபாவளி முடிந்ததும் அந்த நோட்டை எடுத்து, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்போம்.

"பணம் வந்ததா?"

அந்தக் கேள்வியை நான் ஒருமுறை கேட்காமல் விட்டுவிட்டேன். இனி நாம் சேர்ந்து கேட்போம். வர விரும்புகிறவர்கள் அலுவலக அறையில் இருக்கும் பதிவேட்டில் ஃபிளாட் எண்ணை எழுதிவிட்டுப் போங்கள்.