துப்பாக்கி ஏந்தாத வீரர்கள்

(எலவனாசூர்கோட்டையில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில், இளஞ்செஞ்சிலுவைச் சங்க ஆலோசகர் என்ற முறையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பில், நீங்கள் பார்த்த போர்ப்படங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றேன். ஒரு மாணவன் ‘ஹாக்ஸா ரிட்ஜ்’ கதையைச் சொன்னான். உடனே பின் வரிசையிலிருந்து ஒரு கேள்வி வந்தது: “சார், அவரு துப்பாக்கியே தொடலியே, அப்புறம் எப்படி சார் ஹீரோ?”

நியாயமான கேள்விதான். போர்ப்படங்களில் சுடுபவருக்குப் பாட்டு உண்டு, வசனம் உண்டு. காயம்பட்டவரைத் தூக்க ஓடுபவர் ஒரு நிமிடம் வந்து போவார். ‘சேவிங் பிரைவேட் ரயன்’ (1998) படத்தில் வேட் என்ற மருத்துவ உதவியாளர் குண்டடிபட்டு விழுகிறார். தமக்கு என்ன செய்ய வேண்டும் என்பதைச் சுற்றி நிற்கும் வீரர்களுக்கு அவரே சொல்ல வேண்டியிருக்கிறது. மற்றவர்களைக் காப்பாற்றத் தெரிந்தவர் விழுந்துவிட்டால், அவரைக் காப்பாற்ற ஆள் இல்லை. இந்தப் பணியின் ஆபத்தை அந்தக் காட்சி சொல்லிவிடுகிறது.

காயம்பட்டவரையும் அவருக்குச் சிகிச்சை தருபவரையும் தாக்கக் கூடாது என்பது 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை. செஞ்சிலுவைக் குறியே அதற்கான கவசம். ஆனால், இரண்டாம் உலகப் போரின் பசிபிக் முனையில் அந்தக் குறியே எதிரிக்கு இலக்காகிவிடும் என்று அஞ்சி, பலர் அதைக் கழற்றி வைத்தார்கள்.

மாணவன் கேட்ட ‘அவர்’ டெஸ்மண்ட் டாஸ். 1945 மே மாதம் ஒக்கினாவாவில், செங்குத்தான பாறை விளிம்பிலிருந்து ஏறத்தாழ 75 பேரைக் கயிற்றில் கட்டி இறக்கியவர். படம் சொல்லாமல் விட்ட செய்தி ஒன்று உண்டு. பின்னர் அவரே காயமுற்றுத் தூக்குக்கட்டிலில் போகும்போது, தம்மைவிட மோசமான நிலையில் இருந்தவருக்கு அதை விட்டுக்கொடுத்தார். அதன்பின் அவர் கையில் குண்டு பாய்ந்தது. உடைந்த கைக்கு அணைகட்டையாக ஒரு துப்பாக்கியின் கட்டையை வைத்துக் கட்டிக்கொண்டார். துப்பாக்கி அவருக்குப் பயன்பட்டது அதற்குத்தான்!

நம் மண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. 1899இல் தென்னாப்பிரிக்கப் போரில் காந்தியடிகள் திரட்டிய மருத்துவ உதவிப் படையில் சுமார் 1,100 இந்தியர்கள் இருந்தார்கள். பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள். நேட்டாலுக்குக் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் வட ஆற்காடு, தென்னாற்காடு மாவட்டத்தார் பலர். நம் ஊரும் அன்று தென்னாற்காடுதானே! ஸ்பியான் காப் போரின்போது குண்டு விழும் எல்லைக்குள்ளும் சென்று காயம்பட்டவர்களைச் சுமந்தார்கள். சில நாட்களில் 20, 25 மைல் நடந்தார்கள். காந்தியடிகளை நம் பிள்ளைகளுக்குத் தெரியும். உடன் சுமந்தவர்களைத் தெரியாது.

அடுத்து, பெயரிலேயே ஆற்காட்டைத் தாங்கியவர், லெப்டினன்ட் கர்னல் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். கொரியப் போருக்கு இந்தியா படை அனுப்பவில்லை; 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவை அனுப்பியது. அதன் தலைவர் இவர். 1950 கடைசியில் பியாங்யாங்கிலிருந்து எல்லாரும் பின்வாங்கினார்கள். மருந்துகளையும் கருவிகளையும் ஏற்ற வண்டி இல்லை. விட்டுவிட்டு வரலாம் என்ற நிலை. அவர்கள் விடவில்லை. ஒரு பழைய ரயில் எஞ்சினைத் தேடிப் பிடித்து, கொதிகலனுக்குத் தாங்களே நீர் நிரப்பி, பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். 1951 மார்ச்சில் அமெரிக்க வீரர்களுடன் இந்தப் பிரிவினர் 12 பேர் பாராசூட்டில் குதித்துப் போர்முனையிலேயே அறுவை சிகிச்சை செய்தார்கள். ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது.

இந்த ரயில் கதையைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தை மறைக்காமல் சொல்கிறேன்.

ஒருநாள் நான் பயிற்சிக்குச் சென்றிருந்தேன். பள்ளியில் விளையாடும்போது ஒரு மாணவன் விழுந்து முன்கை உடைந்துவிட்டது. முதலுதவிப் பெட்டி பீரோவுக்குள் இருந்தது. சாவி என் பையில் இருந்தது. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, “யாரும் கையைப் பிடிச்சு இழுக்காதீங்க” என்று சொல்லி, மர அளவுகோலை வைத்துத் தன் துப்பட்டாவால் கட்டினாளாம். மறுநாள் அவள் என்னிடம் கேட்டாள்: “சார், பெட்டியை எதுக்கு சார் பூட்டி வைக்கிறீங்க?” பஞ்சும் மருந்தும் காணாமல் போய்விடும் என்ற பயம்தான். அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குண்டுமழையில் ஓடும் ஓட்டத்தைப் படம் காட்டுகிறது. பெட்டியைக் கைவிடாத பொறுப்பையும், முன்கூட்டியே பழகிய கையையும் நாம்தான் காட்ட வேண்டும். அந்தத் துணிச்சலைச் சொல்லித்தர முடியும். எங்கள் மாணவிக்கு அது மன்ற வகுப்பில் கிடைத்தது.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். படம் பார்த்த பிள்ளைகளிடம், யார் ஜெயித்தார் என்பதோடு, யார் யாரைத் தூக்கினார் என்றும் கேளுங்கள். இரண்டு மூங்கில் கழி, இரண்டு கோணிப்பை கொண்டு தூக்குக்கட்டில் செய்யப் பழக்குங்கள். முதலுதவிப் பெட்டியைப் பூட்டாதீர்கள்.

எங்கள் பள்ளிப் பெட்டி இப்போது வராந்தாவில், பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது. பஞ்சு கொஞ்சம் அதிகமாகத்தான் செலவாகிறது. ஆகட்டும்.