அரிப்புக் கோட்டையில் ஒரு சனிக்கிழமை



"வரலாற்றில் இந்நாள்" என்னும் தலைப்பு உங்களுக்குப் பழக்கமானதே. இன்ன திகதியில் இன்னார் பிறந்தார், இன்ன கோட்டை வீழ்ந்தது, இன்ன உடன்படிக்கை கைச்சாத்தானது என்று பத்திரிகைகளும் வானொலியும் நாள்தோறும் நினைவூட்டி வருகின்றன. அவ்வாறு நினைவுகூர்வது நல்ல வழக்கமே. ஆயினும், அத்திகதிகளைக் கேட்கும்போது ஒரு வினாவையும் நாம் உடன் எழுப்புதல் வேண்டும். யாருடைய நாட்காட்டியின்படி அந்தத் திகதி என்பதே அவ்வினா. இது வீண் ஆராய்ச்சி அன்று என்பதை நம் நாட்டிலேயே, மன்னார்க் கரையிலே நிகழ்ந்த ஒரு சம்பவத்தைக் கொண்டு இன்று விளக்க விரும்புகிறேன்.

1679ஆம் ஆண்டு. அருவியாறு கடலோடு கலக்கும் இடத்துக்கு அண்மையில், முத்துக்குளிப்புக்குப் பேர்போன அரிப்பு என்னும் ஊரில், ஒல்லாந்தரின் சிறு கோட்டை ஒன்று இருந்தது. ஒரு சனிக்கிழமை பிற்பகல் நான்கு மணியளவில் அக்கோட்டை வாயிலுக்கு இரு மனிதர் வந்து சேர்ந்தனர். காட்டு வழியிலே நெடுந்தூரம் நடந்து களைத்திருந்த அவ்விருவரும் ஆங்கிலேயர். ஒருவர் பெயர் றொபேட் நொக்ஸ். மற்றவர் அவருடைய தோழர் ஸ்டீபன் றட்லண்ட். கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் நாட்டிலே நெடுங்காலம் சிறையிருந்து தப்பி வந்தவர்கள் அவர்கள்.

நொக்ஸ் பின்னர் 1681ஆம் ஆண்டில் இலண்டனில் வெளியிட்ட நூலிலே, தாம் விடுதலை பெற்ற அந்த நாளை 1679 ஒக்டோபர் 18 எனக் குறித்துள்ளார். ஆனால் அதே சனிக்கிழமை, அதே கோட்டைக்குள் இருந்த ஒல்லாந்தருக்கு ஒக்டோபர் 28 ஆகும். வாயிலுக்கு வெளியே நின்றவருக்கு ஒரு திகதி. உள்ளே இருந்தவர்களுக்குப் பத்து நாள் பிந்திய வேறொரு திகதி. இருசாராரும் பொய் சொல்லவில்லை. இருசாராரும் எண்ணத் தவறவுமில்லை.

இதன் காரணத்தை அறிய நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும். உரோம நாட்டு யூலியஸ் சீசர் காலத்தில் வகுக்கப்பட்ட நாட்காட்டியானது, ஓர் ஆண்டுக்கு 365 நாளும் 6 மணித்தியாலமும் எனக் கொண்டது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நாளைக் கூட்டினால் கணக்குச் சரியாகிவிடும் என்பது அதன் அடிப்படை. ஆனால் பருவங்கள் ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்கு ஆகும் காலம் அதனினும் ஏறத்தாழ 11 நிமிடங் குறைவானது. பதினொரு நிமிடந்தானே என்று எண்ணலாம். சிறு துளி பெருவெள்ளம் என்பது காலக்கணக்குக்கும் பொருந்தும். ஏறக்குறைய 128 ஆண்டுகளில் அது ஒரு முழு நாளாகப் பெருகிவிடும்.

கி.பி. 325இல் நைசியாவிற் கூடிய கிறித்தவச் சங்கத்தின் காலத்தில், இரவும் பகலும் ஒத்திருக்கும் வசந்தகாலச் சமநாள் மார்ச் 21 அளவில் நேர்ந்தது. பதினாறாம் நூற்றாண்டில் அது மார்ச் 11ஐ ஒட்டி நேரலாயிற்று. உயிர்த்த ஞாயிறுத் திருநாள் அந்தச் சமநாளைக் கொண்டே கணிக்கப்படுவதால், திருச்சபைக்கு இஃது ஒரு பெருஞ் சிக்கலாயிற்று. பாப்பரசர் பதின்மூன்றாம் கிரகோரி 1582ஆம் ஆண்டில் ஒரு திருத்தத்தைப் பிறப்பித்தார். அலோய்சியஸ் லீலியஸ் என்ற மருத்துவர் வகுத்த திட்டம் அது; கிறிஸ்தோபர் கிளாவியஸ் என்ற இயேசு சபைக் கணித அறிஞர் அதனை விளக்கி நிலைநாட்டினார். அதன்படி 1582 ஒக்டோபர் 4ஆந் திகதி வியாழக்கிழமைக்கு மறுநாள், ஒக்டோபர் 15ஆந் திகதி வெள்ளிக்கிழமையாயிற்று. இடையிலுள்ள பத்துத் திகதிகள் இத்தாலி, ஸ்பெயின், போர்த்துக்கல் முதலிய நாடுகளின் வரலாற்றிலே இல்லை. அந்நாடுகளில் 1582 ஒக்டோபர் 10ஆந் திகதி பிறந்தவர் என்று ஒருவரும் இருக்க முடியாது.

ஒல்லாந்து மாகாணம் இப்புதிய முறையை விரைவிலேயே ஏற்றுக்கொண்டது. இங்கிலாந்தோ, பாப்பரசரின் கட்டளைக்கு இணங்க மனமின்றி, 170 ஆண்டுகள் பழைய முறையிலேயே நின்றது. அதனாலேதான், ஆங்கிலேயரான நொக்ஸ் அரிப்பிலே ஒல்லாந்தரைச் சந்தித்தபோது, இருவர் கணக்குக்கும் பத்து நாள் இடைவெளி ஏற்பட்டது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. அது மேலும் மயக்கந் தருவது. அக்காலத்து இங்கிலாந்தில் சட்டப்படியான புத்தாண்டு சனவரி முதலாந் திகதி தொடங்கவில்லை. மார்ச் 25ஆந் திகதியே தொடங்கியது. நொக்ஸின் கதையிலே இதன் விளைவைக் காணலாம். புயலாற் சேதமுற்ற 'ஆன்' என்னும் கப்பலைச் செப்பனிட வேண்டித் திருகோணமலைக்குத் தெற்கேயுள்ள கொட்டியாரக் குடாவில் நங்கூரமிட்டிருந்தபோது, கப்பல் தலைவரான தந்தையும், வயது இருபதை எட்டாத மகனும், வேறு சிலரும் அரசனுடைய ஆட்களாற் பிடிக்கப்பட்டனர். இது 1660 ஏப்ரல் 4ஆந் திகதி. தந்தையும் மகனும் உள்நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். இருவரையும் காய்ச்சல் பற்றியது. தந்தை நோய் முற்றி, பெப்ரவரி 9ஆந் திகதி இறந்தார். நோயால் மெலிந்திருந்த மகன், சிறு ஏவலாளன் ஒருவன் துணையோடு, தம் கையாலேயே அவரை அடக்கஞ் செய்தார்.

அந்தப் பெப்ரவரி எந்த ஆண்டைச் சேர்ந்தது? நாம் 1661 என்போம். நொக்ஸின் கணக்கிலோ, மார்ச் 25 இன்னும் வராமையால், அது 1660ஆம் ஆண்டே. இந்நுட்பத்தை அறியாதவர், தந்தை சிறைப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே இறந்துவிட்டார் என்று முடிவுகட்ட நேரும்! மகனது வாழ்விலே மிகப் பெருந் துயரமான அந்த நாள், நாட்காட்டியை அறியாத வாசகனுக்கு வெறும் அச்சுப்பிழையாகத் தோன்றிவிடும். திகதியை ஆராய்வது வெறும் எண்கணக்கு மாத்திரமன்று. மனிதருடைய துயரத்தை அதன் இடத்தில் வைத்து உணர்வதற்கும் அது வேண்டும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இனி, நொக்ஸ் குறித்த திகதிகளை நாம் எவ்வாறு நம்புவது? பத்தொன்பது ஆண்டும், ஆறு மாதமும், பதினான்கு நாளும் அவர் இந்நாட்டு மலைப்பகுதிகளிலே சிறையிருந்தார். தொப்பி பின்னி விற்றும், நெல்லை வட்டிக்குக் கொடுத்தும் சீவித்தார். பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்து ஆங்கில விவிலிய நூல் ஒன்றைப் பெற்று, அதனைப் பெருஞ் செல்வமாகப் போற்றினார். இத்தகைய வாழ்விலே நாட்கணக்குத் தவறிப்போதல் இயல்புதானே என்று நீங்கள் கேட்கலாம்.

அதற்கு விடை வானத்திலே உள்ளது. தப்பிச் செல்வதற்காக ஊரைவிட்டுப் புறப்பட்ட நாளை 1679 செப்டெம்பர் 22 என அவர் எழுதுகிறார். அன்று சந்திரனுக்கு இருபத்தேழு நாள் என்றும், வழியில் நிலவு துணையாகும்படி அந்நாளைத் தேர்ந்ததாகவுஞ் சொல்கிறார். பழைய முறையிலான செப்டெம்பர் 22, புதிய முறையில் ஒக்டோபர் 2 ஆகும். வானசாத்திரக் கணக்கின்படி 1679இல் அமாவாசை ஒக்டோபர் 5ஆந் திகதியை ஒட்டி நேர்ந்தது. எனவே ஒக்டோபர் 2இல் சந்திரனின் வயது இருபத்தேழு நாளே. அவ்வாறே பழைய ஒக்டோபர் 18, புதிய ஒக்டோபர் 28 ஆகிய இரண்டும் ஒரே சனிக்கிழமையைத்தான் குறிக்கின்றன. அவர் நூலிலே குறித்த கிழமையும் சனியே. ஆகவே, திகதி, கிழமை, திங்கள் ஆகிய மூன்று சாட்சிகளும் ஒன்றுபடுகின்றன. பழைய ஏடுகளையும் கல்வெட்டுக்களையும் ஆராய்வோர் நாளைச் சோதிப்பதும் இம்முறையிலேதான்.

இங்கே ஓர் அரிய செய்தியைக் கவனியுங்கள். ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் திகதியிலே முரண்பட்டனர், கிழமையிலே முரண்படவில்லை. பாப்பரசரின் திருத்தமும் கிழமை வரிசையைத் தொடவில்லை. அன்று அரிப்பிலே வாழ்ந்த நம்மவர்க்கும் அது சனிக்கிழமையே. அவர்களது வழக்கில் அது சித்தார்த்தி வருடம் ஐப்பசி மாதத்தின் நடுப்பகுதி, தேய்பிறைக் காலம். நொக்ஸ் சிறைப்பட்ட ஏப்ரல் 4, அதாவது புதிய முறையில் ஏப்ரல் 14, சார்வரி வருடம் பிறந்து சில நாளே கழிந்த காலம். சார்வரிச் சித்திரை தொடக்கம் சித்தார்த்தி ஐப்பசி வரை என்று சொன்னால், அந்த நெடிய சிறைவாசத்தின் அளவு நம் பாட்டன் பாட்டியருக்கு உடனே விளங்கியிருக்கும்.

எனினும், நமது பஞ்சாங்கமும் நகர்வில்லாதது என்று கொள்ளலாகாது. நாம் சூரியனது செலவை நட்சத்திரங்களை நிலையாக வைத்து அளக்கிறோம். மேனாட்டார் பருவங்களை நிலையாக வைத்து அளக்கின்றனர். இரண்டிற்கும் ஏறத்தாழ அறுபது ஆண்டுக்கு ஒரு நாள் வேறுபாடு உண்டு. ஆதலால் நாம் இன்று சனவரி 14 அல்லது 15இற் கொண்டாடும் தைப்பொங்கல், நொக்ஸ் இங்கிருந்த காலத்தில் புதிய முறைப்படி ஐந்தாறு நாள் முந்தியே வந்தது. சித்திரைப் புத்தாண்டும் அவ்வாறே.

இங்கிலாந்து ஈற்றிலே 1752ஆம் ஆண்டில் புதிய முறைக்கு மாறியது. அதற்குள் இடைவெளி பதினொரு நாளாக வளர்ந்திருந்தது. செப்டெம்பர் 2ஆந் திகதி புதன்கிழமைக்கு அடுத்த நாள் செப்டெம்பர் 14ஆந் திகதி வியாழக்கிழமை ஆயிற்று. "எங்கள் பதினொரு நாளைத் திருப்பித் தாருங்கள்" என்று மக்கள் கலகஞ் செய்தனர் எனப் பல நூல்கள் கூறும். அத்தகைய கலகம் நடந்ததற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்பதே பிற்கால ஆராய்ச்சியாளர் முடிவு. ஆண்டுத் தொடக்கமும் 1752 முதல் சனவரி முதலாந் திகதியாயிற்று. இரஷ்யா 1918 வரை பழைய முறையிலேயே இருந்தது. ஆகவேதான் 1917இல் நடந்த 'ஒக்டோபர்ப் புரட்சி'யின் ஆண்டு விழா நவம்பர் 7இல் எடுக்கப்படலாயிற்று.

பிரபலமான சில கூற்றுக்களையும் இதனாற் சோதிக்கலாம். செர்வாந்தேசு அடக்கஞ் செய்யப்பட்டதும், சேக்ஸ்பியர் மறைந்ததும் 1616 ஏப்ரல் 23 என்பர். திகதி ஒன்றே, நாள் ஒன்றன்று. ஸ்பெயின் புதிய முறையிலும் இங்கிலாந்து பழைய முறையிலும் இருந்தமையால், சேக்ஸ்பியர் மறைந்தது பத்து நாள் பிந்தியே. கலிலியோ இறந்த 1642ஆம் ஆண்டிலேயே நியூட்டன் பிறந்தார் என்பதும் பலர் விரும்பிச் சொல்லும் செய்தி. நியூட்டன் பிறந்த 1642 டிசெம்பர் 25, புதிய முறையில் 1643 சனவரி 4 ஆகும். அழகான அந்த ஒற்றுமை நாட்காட்டி வேற்றுமையாற் பிறந்ததே.

வரலாறு பயிலும் மாணவர்க்கு ஒரு சிறு குறிப்பைச் சொல்லி முடிக்கிறேன். இலங்கை வரலாற்றிலே, 1582க்கு முற்பட்ட போர்த்துக்கேயர் திகதிகள் எல்லாம் பழைய முறையின. ஒல்லாந்தர் எழுதியவை புதிய முறையின. 1752க்கு முன் இங்கு வந்த ஆங்கிலேயர் எழுதியவை பழைய முறையின. ஆங்கிலேயர் கொழும்பைக் கைப்பற்றிய 1796, கண்டி உடன்படிக்கை எழுந்த 1815 ஆகிய காலத்துத் திகதிகளுக்கு மாற்றம் வேண்டியதில்லை. இதனை நினைவில் வைத்தால், இரு நூல்களிலே ஒரே நிகழ்ச்சிக்கு இரு திகதிகளைக் கண்டு மயங்கவும் வேண்டியதில்லை. ஒருவரைப் பொய்யர் என்று தூற்றவும் வேண்டியதில்லை.

அவ்வாறாயின், நொக்ஸ் விடுதலை பெற்ற நாளை நாம் எப்போது நினைவுகூர்வது? ஒக்டோபர் 18இலா, 28இலா? கதிரவன் நிலையைக் கருதினால் 28. அந்த மனிதர் வாழ்நாளெல்லாம் தம் நெஞ்சிற் பதித்து வைத்திருந்த நாளைக் கருதினால் 18. இரண்டினையும் குறித்து வைப்பதே நேர்மை. பத்தொன்பது ஆண்டு அன்னிய மண்ணிலே அடைபட்டிருந்த ஒருவர், தம் நாட்டார் எண்ணிய முறையிலேயே நாட்களை எண்ணினார். ஒல்லாந்தரின் உதவியால் மன்னாருக்கும், கொழும்புக்கும், பத்தாவியாவுக்கும் சென்று, 1680இல் அவர் தாயகம் சேர்ந்தார். அங்கே அவருடைய இனத்தார் வழங்கிய திகதியும் அவர் கணக்கும் ஒன்றாகவே இருந்தன.

திகதி என்பது வானம் நமக்கு இடும் கட்டளையன்று; மனிதர் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு. அந்த உடன்பாடு நாட்டுக்கு நாடு வேறுபடலாம். ஆனால் அன்றைய சனிக்கிழமைப் பிற்பகலில் கோட்டைக்கு உள்ளே நின்றவர்க்கும் வெளியே நின்றவர்க்கும் வெயில் ஒன்றே. அன்றிரவு அருவியாற்றின்மேல் எழுந்த தேய்பிறையும் ஒன்றே. "வரலாற்றில் இந்நாள்" என்று இனி நீங்கள் கேட்கும்போதெல்லாம், அந்த நாளை எண்ணிய மனிதரையும் ஒரு கணம் எண்ணிக் கொள்ளுங்கள்.