கயிற்றில் இரண்டாவது ஆள்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



இவ்விழாவில் பேசும்படி சங்கச் செயலாளர் கேட்டபோது, "என்னட்டைச் சொல்ல என்ன இருக்கு?" என்றேன். "பனிமலை ஏறப் பழகினீங்களாம், அதைச் சொல்லுங்கோ அக்கா" என்றார். நான் மலையேறும் வீராங்கனை அல்லள். சுவிற்சர்லாந்தில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்பவள். கல்லூரி வலைப்பந்து அணியில் மேலதிக வீராங்கனையாக வாங்கிலில் இருந்ததைத் தவிர விளையாட்டில் எனக்கு வேறு பெருமை இல்லை.

49 வயதில், மகளின் வற்புறுத்தலால், ஐந்து நாள் ஆரம்பப் பயிற்சியொன்றில் சேர்ந்தேன். சாதாரண பனிச்சறுக்கு ஓரளவு தெரியும். அதில் கம்பியில் ஓடும் கதிரை நம்மை மேலே கொண்டுபோய் விடும். இதிலோ சறுக்குப் பலகைகளைக் காலில் பூட்டியபடி நாமே ஏற வேண்டும். பலகையின் அடியில் மயிருள்ள பட்டையொன்றை ஒட்டுவார்கள். முன்னே தள்ளினால் வழுக்கும். பின்னே போகப் பார்த்தால் மயிர் பனியைப் பற்றிக்கொள்ளும். முற்காலத்தில் இதற்குச் சீல் எனும் கடல்விலங்கின் தோலைப் பயன்படுத்தினார்களாம். உச்சியில் பட்டையைக் கழற்றி, குதிக்காலைப் பலகையோடு பூட்டிச் சறுக்கி இறங்குவோம்.

முதலிரு நாளும் பனிச்சரிவு பற்றியே பாடம். அந்நாட்டில் பனிச்சரிவு அபாயத்தை ஒன்று முதல் ஐந்து வரை தரப்படுத்தி அறிவிக்கிறார்கள். அதைப் பார்க்காமல் புறப்படக்கூடாது. 30 பாகைக்கு மேற்பட்ட சாய்வுகளில் மிகுந்த அவதானம் வேண்டும். ஒவ்வொருவரிடமும் சமிக்ஞைக் கருவி, மடக்கக்கூடிய நீண்ட தேடுகோல், சவள் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். பனியில் புதைந்தவரை முதல் பத்து, பதினைந்து நிமிடங்களுக்குள் வெளியே எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். பிறகு அது வேகமாகக் குறையும். மீட்புக் குழு வந்து சேர அதைவிட நேரமெடுக்கும். ஆகவே கூடப் போனவர்களே தேட வேண்டும். புதைத்து வைத்த ஒரு பையைத் தேடித் தோண்டப் பழகினோம். எனக்கு முதல் தடவை இருபது நிமிடம் எடுத்தது.

மூன்றாம் நாள் யுங்ஃப்ராவ்யோக் புகையிரத நிலையத்திற்குப் போனோம். 1912இல் திறக்கப்பட்ட அந்நிலையம் 3,454 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நம் பீதுருதாலகாலையை விட 900 மீற்றருக்கு மேல் அதிகம். அங்கிருந்து அலெட்ச் பனிக்கட்டியாற்றில் இறங்கினோம். அல்ப்ஸ் மலைகளில் மிக நீளமானது அதுவே. கீழே கொன்கோர்டியா எனும் வெளியில் பனிக்கட்டியின் தடிப்பு ஏறத்தாழ 800 மீற்றர். அருகேயுள்ள தங்குமடம் 1877இல் பனிக்கட்டியிலிருந்து சிறிது உயரத்திலேயே கட்டப்பட்டது. பனிக்கட்டி உருகித் தாழ்ந்ததால் இன்று நானூறுக்கு மேற்பட்ட உலோகப் படிகள் ஏறித்தான் அங்கே போக முடிகிறது. புவியியல் வகுப்பில் பனிக்கட்டியாறு என்று மனனம் செய்தது, அந்தப் படிகளில் மூச்சு வாங்கியபோதுதான் எனக்கு விளங்கியது.

பனிக்கட்டியாறு நகர்வதால் அதில் ஆழமான பிளவுகள் உண்டாகும். மேலே புதுப்பனி மூடியிருந்தால் அவை கண்ணுக்குத் தெரியா. அதனால் நால்வரும் இடுப்புப் பட்டி கட்டி, ஒரே கயிற்றில் இடைவெளி விட்டு இணைந்து நடந்தோம். கயிறு எப்போதும் தொய்யாமல் இருக்க வேண்டும். தொய்ந்தால், ஒருவர் விழும்போது மற்றவர்கள் தாங்குமுன் அவர் அதிக ஆழத்துக்குப் போய்விடுவார்.

எங்கள் வழிகாட்டி ஒரு பெண். இரண்டாவது ஆள் நான். நான்காம் நாள் காலை புகார் மூடியிருந்தது. சப்பாத்து உரசி என் குதிக்கால் புண்ணாகி, காலுறை இரத்தத்தில் ஒட்டியிருந்தது. "எல்லோருக்கும் சுகம்தானே?" என்று அவர் கேட்டபோது, "பரவாயில்லை" என்றேன். என் நடை பிந்தியது. அவர் நின்று திரும்பிப் பார்த்தார். எனக்கு வெட்கம். விறுவிறென்று அவரை நெருங்கினேன். எங்களுக்கிடையே கயிறு தொய்ந்து பனியில் கிடந்தது. அவர் அடுத்த அடி வைத்தார். மார்பளவு வரை உள்ளே போய்விட்டார்.

கயிறு என்னை முழங்காலில் விழுத்தியது. பின்னால் இருந்த இருவரும் பிடித்துக்கொண்டார்கள். அவர் கைகளை ஊன்றி மெல்ல ஏறி வந்தார். காயமில்லை. பனியைத் தட்டிவிட்டு என் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். புண்ணைப் பார்த்தார். ஏசவில்லை. "இது எனக்குத் தெரிந்திருந்தால் மெதுவாகப் போயிருப்பேன், அல்லது வராமலே விட்டிருப்பேன்" என்றார். மருந்து கட்டித் தங்குமடத்துக்குத் திரும்பினோம். அன்றைய சிகரம் எல்லோருக்கும் இல்லாமல் போனது.

அன்று பின்னேரம் கயிற்றில் தொங்கியபடி புறுசிக் முடிச்சுப் போட்டு மேலே ஏறப் பழகினோம். பாரம் விழுந்தால் இறுகும், விட்டால் நகரும் முடிச்சு அது. கை நடுங்கினாலும் நான் ஏறிவிட்டேன். இரவு வழிகாட்டி ஒரு செய்தி சொன்னார். அந்நாட்டு அல்பைன் கழகம் 1907இல் பெண்களைச் சேர்ப்பதில்லை என முடிவெடுத்ததாம். பெண்கள் 1918இல் தங்களுக்கென ஒரு கழகம் அமைத்து மலையேறினார்கள். 1980இல்தான் இரண்டும் ஒன்றாயின.

சகோதரிகளே, நாங்கள் ஷெல் சத்தத்துக்கிடையில் பரீட்சை எழுதிய பிள்ளைகள். நோவைச் சொல்லாமல் தாங்குவதை நல்ல குணமென்று வளர்ந்தோம். அது எங்களைப் பல இடங்களில் காப்பாற்றியது. அன்று அதே பழக்கத்தால் இன்னொரு பெண்ணின் உயிரோடு விளையாடிவிட்டேன். அதன்பின் வீட்டிலும் வேலையிலும் "பரவாயில்லை" என்று சொல்லுமுன் ஒருகணம் யோசிக்கிறேன். கடந்த வருடம் எனக்கு உடல்நலம் குன்றியபோது முதல் கிழமையிலேயே என் வகுப்புத் தோழிகளுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர்களும் தங்கள் கவலைகளைச் சொன்னார்கள். நாற்பது வருடப் பழக்கத்தில் அதுவரை ஒருவருக்கொருவர் சொல்லாதவை அவை.

இளைய தங்கைமாருக்கு ஒரு வார்த்தை. பனிக்கட்டியாற்றில் தனியே போகாதீர்கள். சர்வதேசச் சான்றிதழ் பெற்ற வழிகாட்டியோடு போய்ப் பழகுங்கள். 49 வயதிலும் தொடங்கலாம். புதுச் சப்பாத்தை மட்டும் வீட்டிலேயே போட்டு நடந்து பழகிவிட்டுப் போங்கள்.

நம் கல்லூரி நீடூழி வாழ்க.