துடைப்பக் கட்சியின் ஏற்றமும் இறக்கமும்

(ஊழியர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

டில்லியில் ஆம் ஆத்மி கட்சி 2025ல் தோற்றதைக் கண்டு பலர் கேலி பேசினார்கள். நாம் கேலி பேசக் கூடாது. ஆட்டோ ஓட்டுகிறவர்களும், குடிசைவாசிகளும், மாதச் சம்பளக்காரர்களும் நம்பி வளர்த்த கட்சி அது. அவர்கள் லஞ்ச ஊழலை வெறுத்தது நியாயமே.

2011ல் ஜன லோக்பால் கேட்டு அன்னா ஹஜாரே உண்ணாவிரதம் இருந்தார். அந்த இயக்கத்திலிருந்து 2012 நவம்பரில் கெஜ்ரிவால் தலைமையில் கட்சி பிறந்தது. துடைப்பம் சின்னம். 2013ல் 70 இடங்களில் 28 கிடைத்தன. சர்க்கார் 49 நாளில் ராஜினாமா செய்தது. 2015ல் 67, 2020ல் 62 இடங்கள்!

நல்லதை மறைக்க வேண்டாம். மாதம் 200 யூனிட் வரை இலவச மின்சாரம், பெண்களுக்கு இலவச பஸ், மொஹல்லா கிளினிக் ஆகியவை ஏழைகளுக்குப் பயன்பட்டன. போலீசும் நிலமும் மத்திய சர்க்காரின் கையில் இருந்தன. துணைநிலை ஆளுநரோ ஓயாமல் முட்டுக்கட்டை போட்டார்.

பின் ஏன் சரிந்தது?

முதலாவது, லஞ்சம் வாங்குகிறவனைக் காட்டினார்கள். கொடுத்து லாபம் குவிக்கிறவனைப் பற்றித் தடுமாறினார்கள். 2014 பிப்ரவரியில் எரிவாயு விலை விஷயமாக முகேஷ் அம்பானி மீது வழக்குப் பதியச் சொன்னார் கெஜ்ரிவால். துணிச்சல்தான்! அதே மாதம் சி.ஐ.ஐ. முதலாளிகளின் கூட்டத்தில், தாம் முதலாளித்துவத்துக்கு விரோதி அல்ல என்று விளக்கம் கொடுத்தார்.

இரண்டாவது, ஸ்தாபனம். 67 இடங்கள் வென்ற இரண்டே மாதத்துக்குள், கேள்வி கேட்ட யோகேந்திர யாதவையும் பிரசாந்த் பூஷணையும் ஒதுக்கினார்கள். கட்சிக்குள் லோக்பாலாக இருந்த அட்மிரல் ராமதாசையும் நீக்கினார்கள். லோக்பால் கேட்டுப் பிறந்த கட்சி அல்லவா இது!

மூன்றாவது, கொள்கை. 2019ல் காஷ்மீரின் 370வது பிரிவு பறிக்கப்பட்டபோது, மாநில அந்தஸ்து கேட்ட இதே கட்சி மோடி சர்க்காரை ஆதரித்தது.

பிறகு மதுபானக் கொள்கை வழக்கு. 2024 மார்ச்சில் கெஜ்ரிவால் கைதானார். செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் ஜாமீன் தந்தது. எதிர்க்கட்சிகள் மீது விசாரணை ஏஜென்சிகளை ஏவும் காலத்தில், கைதானவரெல்லாம் குற்றவாளி ஆகிவிடமாட்டார். ஆனால் ஒரு மனிதரின் நேர்மையையே மூலதனமாகக் கொண்ட கட்சிக்கு, அந்தச் சந்தேகமே பேரிடியாயிற்று. 2025 பிப்ரவரியில் பா.ஜ.க. 48, ஆம் ஆத்மி 22. கெஜ்ரிவாலும் தோற்றார்.

தோழர்களே! தலைவர் யோக்கியர் என்று சொன்னால் போதாது. அவரைக் கேள்வி கேட்கும் உரிமை சாதாரண ஊழியனுக்கு இருக்கிறதா? வசூல் கணக்கு ஜனங்கள் முன் வைக்கப்படுகிறதா? இந்தக் கேள்விகளை நம் கிளைகளிலும் கேளுங்கள்.