ரெண்டு பேரா இருந்திருப்போம்

(பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்காக எங்கள் காலனி இரவுப் பாடசாலையில் நடந்த கூட்டத்தில் பேசியது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



எந்தக் கல்லூரியில் சேர்வது என்று பேசச் சொன்னார்கள். நான் வங்கியில் குமாஸ்தா, கொஞ்சம் கவிதை எழுதுகிறவன். இந்த ரெண்டையும் நம்பிக் கூப்பிட்டிருக்கிறார்கள். 2019ல் இதே இடத்தில் ஒரு கவிதை வாசித்தேன். பேர்பெற்ற கல்லூரியின் வாசலைக் காறித் துப்பிவிட்டுத் திரும்பினவன் நான் என்று அதில் வரும். கை தட்டினீர்கள். அது பொய். அதைச் சொல்லிவிட்டால்தான் மேற்கொண்டு எனக்குப் பேச்சு வரும்.

2008ல் பிளஸ் டூ முடித்தேன். சென்னையில் ஒரு பெரிய கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரத்துக்கு இடம் கிடைத்தது. எனக்கும், எங்கள் தெருவிலேயே இன்னொருத்தனுக்கும். நைனா கரும்பு வெட்டுகிறவர். மேஸ்திரியிடம் எட்டாயிரம் முன்பணம் வாங்கினார். அடுத்த பருவம் முழுக்க அவர்கிட்டத்தான் வெட்டணும் என்பது பேச்சு. விழுப்புரத்தில் பாசஞ்சர் ஏறிப் போனோம். ஜன்னலில் சாதிச் சான்றிதழை வாங்கினவர், "எஸ்சி லிஸ்ட்டா? அப்படி ஓரமா நில்லு" என்றார், வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி. நடந்தது அவ்வளவுதான். அதைவிட மோசமாக ஊர்த்தெருவில் கேட்டு வளர்ந்தவன்தான் நான். ஆனால் சுற்றி நின்ற பையன்கள் இங்கிலீஷில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நைனா கையில் மஞ்சப்பை. எனக்குக் கால் நடுங்கியது. மரத்தடிக்கு வந்ததும், "வேணாம் நைனா, ஊர்லயே படிச்சிக்கிறேன்" என்றேன்.

பணத்துக்காகச் சொல்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். சாகிறவரைக்கும் அப்படித்தான் நினைத்தார், நானும் திருத்தவில்லை. முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது மேஸ்திரி சொன்னாராம்: "படிப்பு வேணாம்னுட்டானா? அப்ப அவனையும் வெட்ட அனுப்பு."

பக்கத்து ஊர் அரசு கலைக் கல்லூரியில் சேர்ந்தேன். அதைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆதிதிராவிடர் விடுதியில் ஒரு பாயில் மூன்று பேர் படுத்தோம். அங்கேதான் ஒரு சீனியர் அண்ணன் அம்பேத்கர் தொகுப்பைக் கையில் கொடுத்தார். கவிதை அங்கே வந்தது, பயம் கொஞ்சம் அங்கே போனது. வேலையும் அந்தப் பட்டத்தை வைத்துத்தான். வங்கித் தேர்வுக்கு ஒரு டிகிரி இருந்தால் போதும், எந்தக் கல்லூரி என்று கேட்கவில்லை. ஆனால் மூன்று வருஷத்தில் ஒரு கம்பெனிகூட எங்கள் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. மேல்படிப்புக்கு இங்கே போ, இவரைப் பார் என்று சொல்ல ஆளில்லை.

கல்லூரியின் பேர் என்றால் என்ன என்பதை நான் படித்தபோது தெரிந்துகொள்ளவில்லை, கவுண்டரில் உட்கார்ந்த பிறகு தெரிந்துகொண்டேன். கல்விக் கடன் கேட்டு வருகிறார்கள். வங்கிகளிடம் பட்டியல் இருக்கிறது. அதில் உள்ள கல்லூரி என்றால் பல வங்கிகளில் வட்டி குறையும். 2024 நவம்பரில் ஒன்றிய அரசு கொண்டுவந்த வித்யாலட்சுமி திட்டத்தில், தரவரிசையில் வந்த நிறுவனம் என்றால் சொத்துப் பிணையும் வேண்டாம், ஜாமீனுக்கு ஆளும் வேண்டாம். அந்தத் தரவரிசை 2016லிருந்து வருகிறது. அதில் நூற்றுக்குப் பத்து மதிப்பெண், வெளியே நாலு பேர் அந்த நிறுவனத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதற்கே. அதாவது பேர் இருப்பதற்காகவே மார்க்கு! தலைமுறை தலைமுறையாகச் சொத்து சேர்த்தவனுக்கு நிலப்பத்திரம் எப்படியோ, அப்படித்தான் இந்தப் பேரும். பத்திரம் இல்லாத நாம் அதைக் கேவலம் என்று ஒதுக்கினால் நஷ்டம் யாருக்கு?

பேர் கிடைத்தால் சாதி போய்விடும் என்று சொல்ல வரவில்லை. 1913ல் கொலம்பியாவுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்த பாபாசாகேபுக்கு 1917ல் பரோடாவில் தங்க ஒரு அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து துரத்தினார்கள். ஆனாலும் 1920ல் அவர் லண்டனுக்கே திரும்பிப் போய், விட்ட படிப்பை முடித்தார். நான் மரத்தடியோடு திரும்பிவிட்டேன். ரெண்டுக்கும் உள்ள தூரத்தைக் கவிதை எழுதி மூடப் பார்த்தேன்.

அந்த இன்னொருத்தன் போனான். விடுதியில் முதல் வாரமே கூட இருந்த ரெண்டு பேரும் அறை மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வருஷம் ரெண்டு பேப்பர் அரியர். அப்புறம் தேறினான், டெல்லியில் எம்.ஏ. படித்தான், இப்போது மத்திய அரசில் அதிகாரி. அந்தப் பேர் அவனுக்குக் கதவு திறந்தது, மறைக்க மாட்டேன். நைனா கருமாதிக்கு வந்திருந்தான். ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். நான்தான் கேட்டேன், போனது சரியாடா என்று. ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். பிறகு சொன்னான்: "மத்ததெல்லாம் மறந்துட்டேன்டா. நீ வந்திருந்தா ரெண்டு பேரா இருந்திருப்போம்."

பதினைந்து வருஷமாக, நான் போயிருந்தால் எனக்கு என்ன கிடைத்திருக்கும் என்று மட்டும்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். என்னால் இன்னொருத்தன் தனியாகச் சாப்பிட்டான் என்பது அந்தக் கணக்கில் வரவேயில்லை.

இதையெல்லாம் இப்போது சொல்லக் காரணம் என் அக்கா மகள். க்யூட் தேர்வு எழுதி ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கிடைத்திருக்கிறது. நான் படித்த கல்லூரியிலும் இடம் இருக்கிறது. "மாமா, நீ சொல்லு" என்கிறாள். அக்கா வேண்டாம் என்கிறாள். 2016 ஜனவரி 17ல் ரோகித் வெமுலா செத்தது அந்தப் பல்கலைக்கழகத்தில்தான், அதை அவள் டிவியில் பார்த்திருக்கிறாள். அடுத்த வருஷம் டெல்லியில் செத்த சேலத்துப் பிள்ளை முத்துக்கிருஷ்ணனும் முன்னே அங்கே படித்தவர். "நீ பத்திரமா ஊர்ல படிச்சிட்டு எம்பொண்ண அனுப்பச் சொல்றியா?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. அவள் பயம் நான் மரத்தடியில் பட்ட பயம் இல்லை. பிணத்தைப் பார்த்த பயம்.

ஆனால் அதே இடத்தில்தான் 1993லிருந்து அம்பேத்கர் மாணவர் சங்கம் இருக்கிறது. ரோகித் அதில் இருந்தவர். தோழர்கள் மூலம் விசாரித்தேன். தமிழ்நாட்டுப் பெண்கள் ரெண்டு பேர் அங்கே படிக்கிறார்கள், நம்ம பிள்ளைகள். போனில் பேசவைத்தேன். மூன்று பேரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று என்னிடம் சொல்லவில்லை. போனை வைத்ததும், "போறேன் மாமா" என்றாள்.

போ என்றேன்.

டிக்கெட் எடுத்தாயிற்று. விடுதிச் செலவு என் சம்பளத்தில். அக்கா ஒன்பது நாளாக என்னோடு பேசவில்லை. இன்றைக்கு இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறாள், பின்னால் கதவோரம் உட்கார்ந்திருக்கிறாள். அவள் ஏதாவது கேட்பதாக இருந்தால் முதலில் அவள் கேட்கட்டும், பிறகு நீங்கள் கேளுங்கள்.