நெகட்டிவ் என்றால் நோய் இல்லை என்றா அர்த்தம்?

(2021 ஜூலையில் கொழுந்து மடுவமொன்றில் ஆற்றிய உரை)



போன வாரம் பிரட்டுக்களத்தில் வரிசையாக நிற்க வைத்து நம் மூக்கில் குச்சி விட்டார்கள். காய்ச்சலோடு நின்ற சிலருக்கும் ‘நெகட்டிவ்’ என்று வந்தது. மறுநாள் அவர்களை மலைக்கு அனுப்பினார்கள். நாமும் நம்பிப் போனோம். இன்று அந்த லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா இருமல்.

அன்று செய்தது அன்டிஜன் பரிசோதனை. வைரஸின் புரதம் போதிய அளவு இருந்தால்தான் அந்த அட்டையில் கோடு விழும். நம் கொழுந்துத் தராசு ஒற்றை இலைக்கு அசையாதல்லவா, அதுபோலத்தான். (தராசில் கழிக்கிற கிலோ வேறு கதை, அதைப் பிறகு பேசுவோம்.) பதினைந்து, முப்பது நிமிடத்தில் முடிவு தெரிவதுதான் அதன் நன்மை.

பி.சி.ஆர். வேறு. வைரஸின் மரபுப்பொருளை ஆய்வுகூடத்தில் ஒன்றை இரண்டாக, இரண்டை நாலாகப் பெருக்குவார்கள். பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிற எங்களுக்கே வியப்புத்தான்: முப்பது சுற்றில் ஒன்று நூறு கோடியைத் தாண்டிவிடும். அதனால் கொஞ்சம் இருந்தாலும் அகப்படும். முடிவு வரத்தான் நாளாகும்.

பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து கொக்ரேன் அமைப்பு இவ்வருடம் மார்ச்சில் ஒரு கணக்கு வெளியிட்டது. தொற்றும் நோய்க்குறியும் உள்ள 100 பேரில் அன்டிஜன் பரிசோதனை சராசரியாக 72 பேரைத்தான் கண்டுபிடிக்கிறது. நோய்க்குறி இல்லாத தொற்றாளர்களில் 58 பேரை. மிச்சப்பேர் கையிலும் ‘நெகட்டிவ்’ துண்டுதான் இருக்கும். ‘பொசிட்டிவ்’ என்று வந்தால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதை மறைக்க வேண்டாம்.

பி.சி.ஆரும் நாள் பார்த்துத்தான் பேசும். அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2020இல் கணக்கிட்டபடி, நோய்க்குறி தொடங்கும் நாளில் எடுத்தால் 100 தொற்றாளர்களில் 38 பேர் தப்பிவிடுவர். மூன்று நாள் கழித்து எடுத்தால் 20 பேர். தொற்றிய மறுநாளே எடுத்தால் ஒன்றுமே தெரியாது. குணமான பிறகு சில வாரங்களுக்குப் ‘பொசிட்டிவ்’ காட்டுவதும் உண்டு. அது செத்த வைரஸின் மிச்சமாகவும் இருக்கலாம். அப்படிப்பட்டவரை லயத்தில் ஒதுக்கி வைக்காதீர்கள்.

ஆகவே காய்ச்சலும் இருமலும் இருந்து அன்டிஜன் ‘நெகட்டிவ்’ என்றால், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் பி.சி.ஆர். கேளுங்கள். கேட்கத் தயங்கினால் தோட்டக் கமிட்டித் தலைவியைக் கூட்டிப் போங்கள். முடிவு வரும்வரை அவர் காம்பராவில் இருக்கட்டும். அந்த நாட்களுக்கும் பேர் போட வேண்டும் என்று திங்கட்கிழமை துரையிடம் எழுத்தில் கொடுக்கிறோம். கையெழுத்துப் போட எல்லோரும் வாருங்கள்.